புகைக்கு ஒரு நாற்காலி

எங்கள் குடியிருப்பில் புகைக்கென்று ஒரு நாற்காலி உண்டு. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கைப்பிடி கொஞ்சம் வெடித்தது. எந்த வீட்டுக்கு அன்றைக்குப் புகை வருகிறதோ அந்த வீட்டார் காலையிலேயே வந்து அதை எடுத்துப் போய், ஈரத்துணியால் துடைத்து, கூடத்தில் மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடமாகப் பார்த்துப் போட்டுவைப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தெரியாமல் அதில் உட்காரப் போனால் அதில் வேண்டாம், இப்படி உட்காருங்கள் என்று வேறு நாற்காலியை இழுத்துப் போடுவார்களே தவிர, ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கத் தொடங்கினால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும், என் பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அது எங்கள் குடியிருப்பில் எல்லாரும் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டுவிடுகிற பகுதி.

என் மகள் மிரியம் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். ஊதுபத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, கொசுவத்தி கூடாது, தாளிக்கிற நெடி கூடாது, ஒரு வயது வரைக்கும் எந்தப் புகையும் இந்தப் பிள்ளையின் பக்கம் வரக்கூடாது என்று அவர் விரல்விட்டுச் சொல்லச் சொல்ல, நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்வது போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் நெஞ்சில் என் கை இருந்தது. ஏழு மாதம் நான் கண்ணை மூடவேயில்லை என்றால் பொய்யாகிவிடும், மூடினேன், ஆனால் கை தூங்கவில்லை, உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்னக் கூடு ஏறுவதும் இறங்குவதும் எண்ணிக்கையாக என் தோளுக்கு வந்துகொண்டே இருந்தது. கான்வென்ட் விடுதியில் படிப்பு நேரத்தில் கண்ணயர்ந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழக்கத்தில் இப்போதும் தூக்கம் தள்ளினால் நான் எழுந்து நின்றுவிடுவேன், தொட்டில் பக்கத்தில், சுவரைத் தொடாமல், நேராக.

அதனால் அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கோவிலில் தூபம் போடுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், முத்தம் கொடுக்க நூறு பேர் வருவார்கள். பங்குச் சாமியார் மூன்று முறை சொல்லி அனுப்பினார், மூன்று முறையும் சளி என்றேன். என் கணவர் ஜெரோம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்க்கிறவர், எதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவார், என்னை மட்டும் திறந்து பார்க்கப் பயந்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தூபம் இல்லாமல் பத்தே பேரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம் வைத்துக்கொள்வோம், சாப்பாட்டை நம் மொட்டைமாடியிலேயே வைத்துக்கொள்வோம், மீன் சுடுவோம், ஆனால் கரியில் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு கடற்கரையில் தேங்காய் மட்டையைப் பற்றவைத்து, கண்ணெரிய, இருமிக்கொண்டே பாரை மீனைச் சுட்டுத் தின்ற மனிதர், மகளுக்காகக் கரியை விட்டுவிட்டேன் என்றார். கரண்டில் ஓடுகிற புகையடுப்பு, ஸ்மோக்கர் என்று வந்திருக்கிறதாம், அலமாரி மாதிரி கதவு போட்டதாம், தணல் கிடையாது, சாம்பல் பறக்காது.

கடையில் மூன்று இருந்தன. ஒன்று சூட்கேஸ் அளவு, தூக்கிக்கொண்டு நடக்கலாம். இன்னொன்று கைபேசியோடு பேசும், மீனுக்குள் குத்திவைத்த கம்பி எத்தனை டிகிரி என்று நாம் எங்கே இருந்தாலும் சொல்லும். மூன்றாவது சின்ன ஃபிரிட்ஜ் போல நிமிர்ந்து நின்றது, நாலு தட்டு, கீழே ஒரு சூடேற்றும் கம்பி, அதன்மேல் மரச்சில்லு போட ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர்த் தட்டு, உச்சியில் ஒற்றைச் சிம்னி. ஜெரோமுக்குக் கைபேசியோடு பேசுவதுதான் பிடித்தது. கடைக்காரர் மூன்றுக்கும் பொதுவாக ஒரே புகழ்ச்சிதான் வைத்திருந்தார், காலையில் சூட்டைத் திருகி வைத்தால் சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம் என்பது.

"வச்சிட்டு மறந்துரலாம் மேடம்."

"மறந்துட்டா என்ன ஆகும்?"

"ஒன்னும் ஆகாது. அதுக்குத்தானே மேடம் இது."

பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகாத நெருப்பு. நான் அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், நம்பவில்லை. பிறகு கைப்பையிலிருந்து மிரியத்தின் மருந்துச்சீட்டை எடுத்து, ஒவ்வொன்றின் கதவிடுக்கிலும் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் சீட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாவதன் கதவைச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனில் ரப்பர் இருந்தது. இழுத்தேன், சீட்டு கிழிந்தது, பாதி உள்ளேயே நின்றது. இதுதான் என்றேன். புகைக்கிற அடுப்பை வாங்க வந்து புகை வெளியே வராத அடுப்பைத் தேர்ந்தெடுத்த பெண்ணை அந்தக் கடைக்காரர் அதற்கு முன்பு பார்த்திருக்க மாட்டார்.

மொட்டைமாடியில் வைக்க அனுமதி தர வேண்டியவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தளவாய் சார், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், வயரை நகத்தால் நெருடிப் பார்த்தார், எர்த் இருக்கிறதா என்று தன் கருவியை வைத்துப் பார்த்தார். "நெருப்பில்லாமப் புகையாதும்பாவ. உம்ம வீட்டுக்காரர் அதையும் பொய்யாக்கிப்புட்டார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதல் தடவை உள்ளே ஒன்றும் வைக்காமல் மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும், தொழிற்சாலை எண்ணெய் எரிந்து போவதற்கு. அன்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை ஜெரோம் ஒரு பாரை மீனைக் கீறி உப்பும் மிளகும் தடவி வைத்து, பெட்டியில் கொய்யா மரச்சில்லைப் போட்டு, சூட்டைத் திருகிவிட்டு வேலைக்குப் போனார். கதவிடுக்கில் ஒரு நூல் புகையும் வரவில்லை. சிம்னி வழியாக மட்டும் மெதுவாக, அவசரமே இல்லாமல், ஆறின புகை வந்தது, வந்தது ஆகாயத்துக்குப் போகவில்லை, கைப்பிடிச்சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து உப்பளத்தைப் பார்த்தது, கடற்காற்று வேட்டி காயப்போட்ட கொடியை அறைகிற வேகத்திலும் கலையாமல் நின்றது, பிறகு படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியது.

மூன்றாம் மாடியில் எங்கள் கதவு மூடியிருந்தது. இரண்டாம் மாடியில் கோமதி அக்கா டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஏதோ நிழல் ஆடியது, ஏதோ பிள்ளையின் அப்பா என்று நினைத்து, நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே வாங்க, உட்காருங்க என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்ன செய்வது. அது உள்ளே வந்து காலியாக இருந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தது. உட்கார்ந்த மனிதர் உயரம் இருந்தது, முகம் கிடையாது, ஆனால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்தது, அது அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அக்காவுக்குத் திடீரென்று அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து ஓடினால், பால் பாத்திரத்தின் விளிம்பு வரைக்கும் ஏறி, ஏடு உப்பி, வழியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது, நான் வருகிற வரைக்கும் நில் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி.

அடுத்த முறை அது தரைத்தளத்துக்குப் போனது, ஜமீலா அக்கா வீட்டுக்கு. அக்காவின் வீட்டுக்காரர் விபத்தில் படுத்தவர், நினைவு தப்பித் தப்பி வரும், கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார், அதனால் அக்கா இரண்டு வருஷமாகப் பகல் வெளிச்சத்தில் தெருவைத் தாண்டியதில்லை. புகை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் இறங்கப் பார்க்கவில்லை, இருமவுமில்லை. அக்கா வாசல்வரை போய்ப் பார்த்தார், கேட்வரை போய்ப் பார்த்தார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஜார்வரை நடந்து, யாருக்கும் வேண்டாத அரை டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது கடலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார்.

எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். கொய்யா மரம்தான் காரணம், அது ஒரு வாத்தியார் வீட்டு மரம் என்றார் ஒருவர். புகையடுப்பின் அலமாரிக் கதவு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் உள்ளேயே ஊறி ஊறிப் பக்குவம் வந்துவிட்டது என்றார் தளவாய் சார். பங்குச் சாமியார் ஜெரோமைக் கூப்பிட்டு, அது எந்தப் பக்கத்து ஆள் என்று நாசூக்காகக் கேட்க, கொய்யா, சாமி என்றார் ஜெரோம், கொய்யா என்றால் பாதகமில்லை என்றார் சாமியார். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதைவிட அவசரமான விஷயங்கள் இருந்தன.

கோமதி அக்கா வீட்டில் முட்டைகூடச் சேராது. மீன் வாசத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் போகச் சொல்வதா, பால் வழியாமல் பார்த்துக்கொள்கிறவரைப் போகச் சொல்ல எப்படி வாய் வரும் என்று அவர் என்னிடம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழாத குறையாகக் கேட்டார். சங்கம் கூடியது. அக்காவின் முறையன்று அலமாரியில் அன்னாசியும் பனீரும் பூண்டும் மட்டும்தான் வைப்பது என்று முடிவானது. ஜமீலா அக்காவின் முறையன்று ஹலால் கோழி. மற்ற நாளில் மீன். லிஃப்ட் பக்கத்துப் பலகையில், தண்ணீர் லாரி வருகிற நாளுக்குக் கீழே, புகை வருகிற நாள் என்று தளவாய் சார் வீட்டு எண் வரிசைப்படி எழுதி ஒட்டினார். நாற்காலியைக் கோமதி அக்கா பொதுவுக்கே கொடுத்துவிட்டார்.

அது வரிசையை மதித்தது, ஆனால் சொன்ன இடத்தைப் பார்க்கவில்லை. முதல் மாடி வங்கிக்காரர் தன் புதுக் காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாற்காலியை ஜன்னலோரம் போட்டுவைத்தார். அது நாற்காலியோடு நகர்ந்து, உள்ளே அவர் மனைவி தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற மேசைக்கு எதிரில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அந்த அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்கள் என்று வேலைக்காரப் பெண் சொல்லி, மாடிமாடியாக அது பரவி, சாயங்காலம் வங்கிக்காரர் காதுக்கும் வந்தது. மறுநாளிலிருந்து அவர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறார். சுவரில் கரி படியாது, திரைச்சீலையில் வாசம் நிற்காது, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் குடிக்காது, வைக்காவிட்டால் வருத்தப்பட்ட மாதிரி இருக்கும். அதனால் வைத்தார்கள்.

பன்னிரண்டு வீட்டில் பதினோரு வீட்டுக்கு அது போய்வந்தது. எங்கள் முறை வருகிற நாளில் நான் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்து, பின்னறையில் மிரியத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புகை படியில் இறங்குகிற சத்தம் என்று ஒன்று கிடையாது, ஆனாலும் எனக்குக் கேட்கும். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்கும், அழைக்காத வீட்டுக்குள் போகாது, திரும்பி மாடிக்குப் போய்விடும். கறிவேப்பிலைச் செடி உங்க வீட்டுல, வாசம் மட்டும் ஊரான் குழம்புலயா என்று கோமதி அக்கா சிரித்துக்கொண்டே குத்தினார். பாவம், அது பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது, ஒரு தடவை கண்ணில் காட்டிவிடு, பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவரைப் படியோடு அனுப்பலாமா என்றார்கள் எல்லாரும். எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதனால்தான் துண்டை இன்னொரு முறை நனைத்து இறுக்கி அடைத்தேன். பதினோரு வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஜெரோம் ஒரே ஒரு முறை சொன்னார். அந்தப் பதினோரு வீட்டில் பழுக்காத நுரையீரல் எத்தனை என்று கேட்டேன். அவர் மருந்துச்சீட்டின் கிழிந்த பாதியைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறிப் போனார்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. முந்தின நாள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெரோம் ஆறு மீன்களை ஒத்திகையாக அலமாரியில் அடுக்கிவிட்டு, மிரியத்தின் ஞானஸ்நான வெள்ளைச் சட்டையைத் தைக்கக் கொடுத்த இடத்துக்கும் கோவிலுக்கும் போய்வருகிறேன், சாயங்காலம் ஆகும் என்று கிளம்பினார். அன்றைக்கு எங்கள் முறை இல்லை. கீழே முதல் மாடியில் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு நான் கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தேன். புகை எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தது, நாற்காலி இல்லாமல், வெறும் தரையில், கதவைப் பார்த்து. முதல் மாடி அம்மா வந்து கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. தளவாய் சார் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். கோமதி அக்கா தன் டியூஷன் பிள்ளைகளை மிரட்டுகிற குரலில் ஒரு முறையும், கெஞ்சுகிற குரலில் ஒரு முறையும் சொன்னார். அது அசையவில்லை. பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நான் இந்தப் பக்கம் எங்கள் வீட்டு நாற்காலி ஒன்றைப் போட்டு, மிரியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், அது அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, நடுவில் ஒரு தேக்குக் கதவும் ஒரு ஈரத்துண்டும். நான் அதைக் காவல் காத்தேன், அது என்னவோ ஒன்றைக் காவல் காத்தது. மத்தியான வெயிலில் கொடியில் காய்கிற துணிகள் தூங்கின, கீழே நாய் தூங்கியது, லிஃப்ட் எந்த மாடியிலோ நின்று தூங்கியது, தோளில் மிரியம் தூங்கினாள், எனக்குக் கண்ணை இழுத்தது, நான் எழுந்து நின்றேன், மறுபடியும் இழுத்தது, நின்றபடியே இழுத்தது, முழங்கால் மடிந்து கதவில் நெற்றி இடித்தது.

இடித்த சத்தத்துக்கு மிரியம் அழுதாள். அவள் என் கையிலிருந்து நழுவப் பார்த்தாள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் கதவோடு பேசத் தொடங்கினேன். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகியவள், யாரும் கேட்காத கேள்விக்கு நின்றுகொண்டு பதில் சொன்னேன். போய்விடு, இங்கே உனக்குப் பார்க்க ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், நான் ஒருத்திதான் பார்க்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். ஏழு மாதம் ஜெரோமிடம் சொல்லாததை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் முட்டி போட்டும் சொல்லாததை, அந்தக் கதவிடம் சொன்னேன்.

"இவளை வயித்தக் கிழிச்சு எடுக்கும்போது எனக்கு மயக்கம் குடுத்திருந்தாங்க. நான் நல்லாத் தூங்கினேன். அப்பதான் இவளுக்கு நாலு நிமிஷம் மூச்சு இல்ல. நான் தூங்கினதாலதான் நின்னுச்சு. திரும்பத் தூங்கினா திரும்ப நிக்கும்."

புகைக்கு வாய் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிக்கட்டில் ஜமீலா அக்காவும் கோமதி அக்காவும் தளவாய் சாரும் முதல் மாடி அம்மாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வளையல் சத்தம் கதவைத் தொட்டது.

"டெல்பினு," என்று என் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஜமீலா அக்காவின் குரல், "நாலு நிமிசம் கழிச்சி மூச்சு வந்துச்சில்லா?"

"வந்துச்சு."

"அப்ப நீ முழிச்சிட்டியா?"

அவள் பிறந்ததற்கு மறுநாள் மத்தியானம்தான் எனக்கு நினைவு வந்தது. அதற்குள் அவளுக்குக் குழாய் வைத்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, எண்ணெய் விளக்குத் திரி மாதிரி அவள் நின்று எரியத் தொடங்கியிருந்தாள்.

"இல்லல்லா. நின்னதும் நீ தூங்கையில, வந்ததும் நீ தூங்கையிலதான். ஒன்ன மட்டும் கணக்குல சேத்துக்கிட்டு இன்னொன்ன விட்டுட்டியே புள்ள."

இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்த அந்த இருட்டில் பேர் தெரியாத நாலைந்து பேர் நின்று, அவள் காலைத் தட்டி, முதுகைத் தேய்த்து, வாயில் காற்றை வைத்து அவளை இந்தப் பக்கம் இழுத்திருக்கிறார்கள். அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. நான் ஈரத்துண்டைக் காலால் தள்ளினேன், தாழ்ப்பாளை எடுத்தேன்.

கதவு திறந்ததும் புகை உள்ளே வரவில்லை. குறுகலான நடையில் பெண்பிள்ளைகள் வரும்போது ஒதுங்கி நிற்கிற மனிதரைப் போல எழுந்து, சுவரோடு சுவராக மெலிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது. நான் மிரியத்தை ஜமீலா அக்கா கையில் கொடுத்தேன். கொடுத்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன், என் உள்ளங்கை அவள் நெஞ்சை விட்டு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அங்கே நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். "வீட்டுக்காரரைப் பாத்துக்க வேண்டாமாக்கா?" என்று கேட்டேன். கோமதி அக்கா பார்த்துக்கொள்கிறாராம், டியூஷன் பிள்ளைகளைத் தளவாய் சார் பார்த்துக்கொள்கிறாராம், எல்லாம் படிக்கட்டிலேயே பேசி முடித்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜமீலா அக்காவும் முதல் மாடி அம்மாவும் மேலே போனார்கள், மொட்டைமாடிக்கு, அலமாரிக்கு எதிர்மூலையில் கடற்காற்று நேராக வருகிற நிழலுக்கு. அவள் போன பிறகு, அவள் வாசம்கூட நடையில் இல்லாமல் போன பிறகு, புகை என்னைப் பார்த்தது. இத்தனை நாளும் அது யாரைப் பார்க்க வந்து நின்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வாங்க என்றேன். யாரோ கீழே ஓடிப்போய் நீல நாற்காலியைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். அது உட்கார்ந்தது. நான் படுத்தேன், ஏழு மாதமாகப் படுக்காத மாதிரி, இரண்டு கையையும் விரித்து. கொய்யாவும் உப்பும் மிளகும் கலந்த ஒரு வாசம், ஆறின சூடு, நெற்றியில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் வைக்கத் தேவையில்லாத அளவுக்கு யாரோ பக்கத்தில் இருந்தார்கள். பால் விளிம்பில் நின்ற மாதிரி நான் எங்கேயோ ஒரு விளிம்பில் நின்றேன், நின்று, இறங்கினேன்.

கண்ணை விழித்தபோது வெளிச்சம் வேறு ஜன்னலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜெரோம் நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்திருக்கிறார், என்னை எழுப்பவில்லை, மிரியத்தை ராத்திரி ஜமீலா அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு, நடையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். பாய் சுருட்டி வைத்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. தொட்டிலும் காலியாக இருந்தது. என் கை தன்பாட்டுக்கு எழுந்து மெத்தையைத் தடவியது, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் என் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே மொட்டைமாடியில் நாற்காலிகள் இழுபட்டன, யாரோ சிரித்தார்கள், ஜெரோம் சில்லு போதுமா என்று யாரையோ கேட்டார். எட்டு மணிக்குக் கோவிலில் இருக்க வேண்டும்.

குளியலறைக்குப் போனேன். இத்தனை மாதமும் கதவைத் திறந்துவைத்து, ஒரு காதை வெளியே போட்டு, இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவந்ததுதான் குளியல். இன்றைக்குக் கதவைச் சாத்தினேன். தலைமுடியை அவிழ்த்தேன், சிக்கு எடுத்தேன், சிகைக்காயைக் கரைத்தேன். நுரை கண்ணை மூடிய நேரத்தில் மேலே மிரியம் அழுதாள். பசி அழுகை இல்லை, பயந்த அழுகை, எனக்குத் தெரியும், என் கால் ஈரத் தரையில் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது, கை தாழ்ப்பாளில் இருந்தது. அழுகை ஏறியது. ஒரு ஆண் குரல், தளவாய் சாராகத்தான் இருக்க வேண்டும், ராகம் இல்லாமல் எதையோ பாடியது, வளையல்கள் ஒலித்தன, யாரோ கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். அழுகை விக்கியது, நின்றது, நின்ற இடத்தில் ஒரு நீண்ட மூச்சு உள்ளே இழுக்கப்பட்டு, அது சிரிப்பாக வெளியே வந்தது.

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்து, செம்பை முக்கி, தலையில் இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டேன்.